அப்பா கேக்கச் சொன்னாங்க

உக்காருங்க அம்மிணி. அந்தச் சேர் வேண்டாம், அதுல கிரீஸ் இருக்கும், சீலை பாழாப் போயிரும். இதுல உக்காருங்க. ஃபேன் போட்டாச்சு. சுத்தறதும் சுத்தாததும் அது இஷ்டம்.

உங்க வண்டிச் சாமானைக் கோயமுத்தூர்ல பஸ்ஸுல ஏத்தி உட்டாச்சாமா. இப்பத்தான் கடைக்காரன் போன்ல சொன்னான். கிணத்துக்கடவுகிட்ட ரோடு வேலை நடக்குது, அதுல நின்னு நின்னுதான் வரும். அது வர்ற வரைக்கும் நாம சும்மாதான் இருக்கோணும். நம்ம பட்டறைப் பையன் ரபீக்கு கியர்பாக்ஸை எறக்கி வெச்சுட்டு டீ குடிக்கப் போயிட்டான். அவன் டீ குடிக்கப் போனா டீத்தூள் வெளையற எடத்துக்கே போயிட்டு வர்ற மாதிரி.

என்னங்க? இங்கயே பொள்ளாச்சியில கெடைக்கறதப் போட்டா என்னவா? கேக்கறது தப்பில்லீங்க. எல்லாரும் கேக்கறதுதான். சித்த இப்படி எந்திரிச்சு வந்து இதப் பாருங்க. இதுதான் உங்க வண்டி ஃப்ளைவீலு. டூயல் மாஸும்பாங்க. பாத்தா ஒரே சக்கரமாட்டத் தெரியும். ஆனா ரெண்டு. ஒண்ணு இஞ்சினோட சுத்தும், இன்னொண்ணு கியர்பாக்ஸ் பக்கம் சுத்தும். ரெண்டுக்கும் நடுவுல உள்ளுக்குள்ள ஸ்ப்ரிங்கு. டீசல் இஞ்சின் ஒதறிக்கிட்டேதானுங்க கெடக்கும், அதோட பொறப்பு அப்படி. அந்த ஒதறல எல்லாம் ஸ்ப்ரிங்கு வாங்கிக்கும். அந்தப் பக்கம் பதமாத்தான் போகும். இப்பக் கையில புடிச்சு ஆட்டுங்க. லொடக்கு லொடக்குன்னு ஆடுதா? ஸ்ப்ரிங்கு போச்சுங்க. அதுதான் வண்டிய ஆஃப் பண்றப்ப டங்குனு இடிச்சுது, கிளட்ச்ச உடறப்ப நடுங்குச்சு.

இங்க கெடைக்கறது ஒத்தைச் சக்கரம். கெட்டி இரும்பு. அதப் போடவே கூடாதுன்னு நான் சொல்லல. ஆனா அதப் போட்டா அதுக்குத் தகுந்த கிளட்ச் பிளேட்டும் போடோணும். ஸ்ப்ரிங்கு வெச்ச பிளேட்டு. உங்க பழைய பிளேட்டப் பாருங்க, மொட்டையா இருக்குதா? சக்கரத்துலயே ஸ்ப்ரிங்கு இருந்ததுனால பிளேட்டுக்கு வேண்டியதில்லாமப் போச்சு. கெட்டிச் சக்கரத்துக்கு இந்த மொட்டைப் பிளேட்டப் போட்டீங்கன்னா ரெண்டு பக்கமும் வெறும் இரும்பு. வால்பாறை ஏறி எறங்கறதுக்குள்ள கியர்பாக்ஸ் பல்லு தெறிச்சுரும். அப்படி ஒருத்தரு வந்தாரு. எங்கயோ எவனோ போட்டு உட்டிருந்தான், ஊரு பேரு வேண்டாம். கியர்பாக்ஸைச் சாக்குல கட்டிக் கொண்டுட்டு வந்தாரு. "ரெண்டும் புதுசுங்க, ரெண்டும் நல்ல சாமானுங்க, அப்பறம் ஏனுங்க ஒடஞ்சுது?"ன்னு கேக்கறாரு. ரெண்டும் நல்லதுதான். ஒண்ணுக்கொண்ணு சேராது, அவ்வளவுதான்.

அதுனால உங்களுக்கு டூயலே போட்டு, அதோட ஜோடி கிளட்ச் செட்டே போட்டுரலாம். சேசிஸ் நம்பரச் சொல்லித்தான் எடுத்திருக்குது. மாத்தி வராது.

நான் எப்பவும் உள்ளதச் சொல்லிருவனுங்க. பூசி மொழுகறது நமக்கு வராது. நல்லா இருக்குதுன்னா நல்லா இருக்குது, போச்சுன்னா போச்சு. இந்த நாச்சிமுத்து பட்டறையில பொய் பேசுனாங்கன்னு இந்த உடுமலை ரோட்டுல ஒருத்தரு சொல்லட்டும் பாக்கலாம்.

ஆனா அந்த உண்மைதானுங்க எனக்கு இன்னிக்கு எமனா வந்து நிக்குது. என்ற பொண்ணு எங்கூடப் பேசறதில்ல.

ஒரே பொண்ணு. கோகிலவாணி. ஓசூர்ல கம்பெனி வேலை, மாப்ளயும் அங்கயேதான். முழுகாம இருக்கா. தையில நாளு சொல்லியிருக்குது. தலப்பிரசவம். தாய் ஊட்டுலதானுங்களே பாக்கோணும், அது மொறை. தாய் இல்லாட்டி என்ன, ஊடு இருக்குதல்லோ? நான் இருக்கறனல்லோ? வரமாட்டேங்கறா. இப்ப எனக்கு வேற ஒரு நெனப்பும் இல்லீங்க. அவ வருவாளா, மாட்டாளா. அது ஒண்ணுதான். நீங்க மூணாம் மனுசி, நீங்க ஞாயத்தச் சொல்லுங்க.

என்ற ஊட்டுக்காரி வசந்தாமணி பங்குனியில போயிட்டா. துணி காயப் போட்டுட்டு இருந்தவ நெஞ்சப் புடிச்சுட்டு உக்காந்தா. நாந்தான் வண்டியில போட்டு ஓட்டிட்டுப் போனேன். ஆஸ்பத்திரி வாசல்கிட்டப் போறப்ப, "மெதுவாப் போங்க, யாரு மேலயாவது ஏத்திப் போடாதீங்க"ன்னா. அதுதான் அவ கடைசியாப் பேசுனது. அப்பக்கூட யாரோ ஒருத்தன் ரோட்டத் தாண்டறவனுக்காகப் பேசிட்டுப் போறா பாருங்க.

எங்க ஊட்ல போன் அவ கையிலதான் இருக்கும். பொழுதோட பொண்ணு கூப்புடுவா. இவ சமையக்கட்டுல நின்னுக்கிட்டு மணிக்கணக்காப் பேசுவா. நான் உக்காந்து சோறு உங்கறப்ப ஏதாவது சொல்லுவேன். சத்தமாத்தான் சொல்லுவேன். "என்னத்துக்கு அந்தப் புள்ள ஆபீசு ஆபீசுன்னு உசிர உடுது, வேலைய உட்டுப்போட்டு வரச் சொல்லு"ம்பேன். இவ போனுல, "கண்ணு, ஒடம்பப் பாத்துக்கறயான்னு அப்பா கேக்கச் சொன்னாங்க"ம்பா. எனக்கு அது காதுலயே உழுகாதுங்க. உழுந்தாலும் சோத்துல இருப்பேன்.

அவ போன பொறவு பொண்ணு நேரா எனக்கே போன் போட ஆரம்பிச்சா. நல்ல புள்ளைங்க, கொறை சொல்லக்கூடாது. ஆனா எடுத்தா ஒண்ணும் பேச மாட்டா. "சொல்லு, என்ன வெசயம்?"ன்னு கேப்பேன். "சும்மாதாங்ப்பா"ம்பா. "சும்மான்னா எதுக்குப் போனு? வேலை கெடக்குதல்லோ"ன்னுவேன். அவ வேலையத்தானுங்க சொன்னேன். ஆபீசுல கோவிச்சுக்குவாங்களேன்னு. அவ என்னமோ என்ற வேலைன்னு நெனச்சுக்கிட்டாளாட்ட இருக்குது.

முழுகாம இருக்கறேன்னு சொன்னது ஆடியில. "அப்பா, நீங்க தாத்தா ஆகப் போறீங்க"ன்னா. கையில புடிச்சிருந்த ஸ்பேனரக் கீழ போட்டுட்டேன். "செரி. டாக்டர்கிட்டக் காட்டு"ன்னேன். போன வெச்சுட்டேன். வெச்சுப்போட்டு நேரா மாரியம்மன் கோயலுக்குப் போயி நூத்தியெட்டுத் தேங்கா ஒடைக்கறதா வேண்டிக்கிட்டு வந்தேன். அது அவளுக்குத் தெரியுமான்னு கேக்கறீங்களா? அது சாமிக்கும் எனக்கும் உள்ளதுங்க, அவகிட்ட என்னத்தச் சொல்றது?

ஒரு நா நானே கூப்புட்டேன். எடுத்தா. "சொல்லு"ன்னேன். "நீங்கதானங்ப்பா கூப்புட்டீங்க"ங்கறா. ஆமாமல்ல! என்ன கேக்கறதுன்னு தேடித் தேடிப் பாக்கறேன், ஒண்ணும் வாயில வரல. "அங்க மழ பேயுதா?"ன்னேன். "இல்லீங்ப்பா." "செரி"ன்னு வெச்சுட்டேன். சிரிக்காதீங்க அம்மிணி. சிரிங்க, சிரிங்க, பரவாயில்ல. அவ அம்மா இருந்தாலும் சிரிச்சிருப்பா.

பெருசா வம்பு வந்தது பொரட்டாசியில. ஞாயித்துக்கெழம, பட்டறை லீவு. போன் பண்ணுனா. "அப்பா, ஒண்ணு கேக்கட்டுங்களா?"ன்னா. "கேளு"ன்னேன்.

"அம்மா இருந்தப்பத் தெனம் பொழுதோட, நான் சாப்டனா, பத்திரமா ரூமுக்கு வந்தனான்னு அம்மாகிட்டக் கேக்கச் சொல்லுவீங்களே. இப்ப நேராப் பேசறப்ப ஒரு நாளும் கேக்க மாட்டீங்கறீங்களே. எம்மேல ஏதாவது கோவமாங்ப்பா?"

நான் யோசிச்சுப் பாத்தனுங்க. நெஜமாலுமே யோசிச்சேன். "நான் எப்பக் கேக்கச் சொன்னேன்? நான் கேக்கச் சொன்னதே இல்லியே. உங்கம்மா அவளாக் கேட்டிருப்பா"ன்னேன். உள்ளது அதுதானுங்களே?

அப்பறம், "காலேஜுல மொத வருசம் நான் கணக்குல ஃபெயில் ஆனப்ப, மார்க்கு போனாப் போவுது, கண்ணு மனசு உட்ர வேண்டாம்னு நீங்க சொன்னீங்களேப்பா, அது?"

"நான் அப்படிச் சொல்லல. படிச்சுக் கிழிச்சது போதும், மூட்டையக் கட்டிட்டு ஊட்டுக்கு வரச் சொல்லுன்னுதான் சொன்னேன்."

"அப்ப, அவர ஊட்டுக்குக் கூட்டிட்டு வரச் சொன்னது? அப்பா பாக்கோணும்ங்கறாங்க, கூட்டிட்டு வான்னு அம்மா சொன்னாளே?"

மாப்ளயச் சொல்றா. தினகரன். லவ்வுதானுங்க. நான் பாக்கோணும்னு சொன்னனா? காலை ஒடைப்பேன்னு சொன்னேன். ஒரு நா பாத்தா கையில இனிப்பு டப்பாவோட வாசல்ல ஒரு பையன் வந்து நிக்கறான். எவன்டா இவன், எதுக்கு வந்தான்னு நான் முழிக்கறேன். வசந்தாமணி உள்ள இருந்து, "வந்தவங்கள வாங்கன்னு சொல்லுங்க"ங்கறா. வாங்கன்னேன். வந்தான். உக்காந்தான். ஒரு வருசத்துல மாப்ள ஆயிட்டான். அன்னிக்கு அவன யாரு கூப்புட்டாங்கன்னு எனக்குத் தெரியவே தெரியாதுங்க. அதத்தான் பொண்ணுகிட்டச் சொன்னேன்.

அவ ஒண்ணொண்ணாக் கேட்டா. நான் ஒண்ணொண்ணுக்கும் உள்ளத உள்ளபடி சொன்னேன். நான் என்ன இட்டுக்கட்டியா பேசுனேன்? கடைசியா, "கல்யாணத்தன்னிக்கு மண்டபத்துக்குப் பின்னால போயி நின்னு நீங்க அழுதீங்கன்னு அம்மா சொன்னாளே. அதுமாப்பா பொய்யி?"ன்னா. கொரலு ஒரு மாதிரி இருந்துச்சு.

"அது ஜெனரேட்டர் பொகை"ன்னேன்.

பொகதானுங்க. மண்டபத்துக்குப் பின்னால ஜெனரேட்டர் ஓடிட்டு இருந்துச்சு, டீசல் பொகை கண்ணுல பட்டுருச்சு. தொடச்சுக்கிட்டு நின்னேன். அத இவ பாத்துப்போட்டு என்னமோ சொல்லி வெச்சிருக்கா. என்னங்க அப்படிப் பாக்கறீங்க? பொகதானுங்க.

"செரிங்ப்பா"ன்னு சொல்லி வெச்சுட்டா. அவ்வளவுதான்.

அடுத்த வாரம் சம்பந்தியம்மா பேசறாங்க. "அண்ணா, வாணி பிரசவம் இங்கயே பாத்துக்கலாம்ங்கறா, நான் வந்து கூட இருந்துக்கறேன்"ன்னு. பாவம், நல்ல மனுசிதான். "செரி"ன்னேன். வேற என்னத்தச் சொல்றது? வேண்டாம், எம்பொண்ண அனுப்பி வைங்கன்னு கெஞ்சவா முடியும்? அதுலருந்து நான் கூப்புட்டா எடுக்கறதில்ல. நல்லா இருக்கறேன்னு ஒரு மெசேஜு மட்டும் வரும்.

நீங்களே சொல்லுங்க. இத்தன வருசமா எம்பேரச் சொல்லிச் சொல்லிப் பொய் பேசுனது யாரு? வசந்தாமணி. செத்தவளக் கொறை சொல்லக்கூடாது, ஆனா பேசுனது அவதானுங்களே? பொண்ணுக்குக் கோவம் வந்தா அவ மேலதானுங்களே வரோணும்? உள்ளதச் சொன்ன எம்மேல என்னத்துக்கு? எனக்கே வசந்தாமணி மேல கோவம் கோவமா வருதுங்க. அவ போட்டோகிட்டப் போயி நின்னு, "ஏன்டி இப்படிப் பண்ணுன?"ன்னு கேட்டுருக்கேன். மாலைக்குள்ள நின்னு சிரிக்கறா. இப்படி உட்டுப்போட்டுப் போயிட்டு சிரிக்கறா பாருங்க.

இன்னொண்ணு சொல்றனுங்க. தீவாளி நோம்பிக்கு வருசா வருசம் வசந்தாமணி ஒரு சட்டை குடுப்பா. "உங்க பொண்ணு உங்களுக்குன்னு தேடித் தேடி எடுத்தாளாமா"ம்பா. நீலத்துல கோடு போட்டது, காப்பிக்கொட்டை கலரு, எல்லாம் வெச்சிருக்கேன். பட்டறைக்குப் போட மாட்டேன், அழுக்காயிரும்னு. இப்ப என்னன்னா, அதெல்லாம் பொண்ணு எடுத்தாளா, இல்ல இவளே எடுத்துப்போட்டு அவ பேரச் சொன்னாளா? பீரோவத் தொறந்து வெச்சுக்கிட்டுப் பாத்துட்டே நிக்கறேன். பொண்ணுகிட்டக் கேக்கலாம். ஆனா நான் எடுக்கலீங்ப்பான்னு சொல்லிட்டான்னா? அதுனால கேக்கல. சில வெசயம் கேக்காம இருக்கறது நல்லதுங்க. மனுசன் தாங்கோணுமல்லோ.

அவளுக்குன்னு ரூமு தயாரா இருக்குதுங்க. நீங்க வேணும்னா வந்து பாருங்க, பட்டறைக்குப் பின்னாலதான் ஊடு. குத்த வெச்சு உக்கார முடியாதேன்னு வெஸ்டர்ன் டாய்லெட்டு போட்டுட்டேன். சுடுதண்ணிக்கு ஹீட்டரு. வழுக்கி உழுந்துருவாளோன்னு பாத்ரூமு டைல்ஸப் பூராப் பேத்துப்போட்டு சொரசொரப்பாப் போட்டாச்சு. ஜன்னலுக்குக் கொசுவலை நானே அடிச்சேன். எங்கக்கா பொண்ணு கூட வந்து இருந்துக்கறேன்னு சொல்லியிருக்கா. தொட்டில் கட்டறதுக்கு மேல கொக்கி மாட்டி, நானே தொங்கிப் பாத்தேன். என்ற எடையே தாங்குச்சு.

இதெல்லாம் அவகிட்டச் சொன்னீங்களான்னா? எதுக்குங்க சொல்றது? வந்தாப் பாக்கத்தான போறா. வந்தாத்தான.

பொழுதானா ஊட்டுக்குப் போகவே புடிக்கறதில்லீங்க. சோறு மெஸ்ஸுல உண்டுக்கறேன். அந்த ரூமுல லைட்டப் போட்டு, ஒருக்காப் பாத்துப்போட்டு அணைப்பேன். நெஞ்சு வலிக்குதுங்க. அவ அம்மாவுக்கு வந்த வலி இல்ல, இது வேற. நான் ஒண்ணும் கெட்டவன் இல்லீங்க அம்மிணி. எம்பொண்ணு மேல எனக்கு உசிருங்க.

என்னங்க? என்ன சொல்றீங்க? அவகிட்ட நீங்க பேசறீங்களா?

அட, அது வேண்டாமுங்க. உங்களுக்கு எதுக்குச் சிரமம்... இல்ல, சித்த முந்தி நீங்க உங்க ஊட்டுக்குப் போன்ல பேசுனது காதுல உழுந்துச்சு. எம்புட்டுப் பதமாப் பேசறீங்க. ஒரு சண்டைக்காரனக்கூட ஒக்கார வெச்சுருவீங்க. உங்க நம்பரு அவளுக்குத் தெரியாது, எடுத்தாலும் எடுப்பா. செரி, போடுங்க. ஒம்போது ஏழு... இருங்க, இதப் பாத்தே அடிங்க, என் வாயில தப்பா வந்துரும்.

என்ன சொல்றதா? அவ வரோணும்னு சொல்லுங்க. தையில நாளு இருக்குது, மாசம் ஓடுது, வர்றதுன்னா வரட்டும், வரலீன்னா... இல்ல, இல்ல, அத அப்படியே சொல்லிராதீங்க. நீங்களாப் பாத்து நல்லபடியாச் சொல்லுங்க.

அடிக்குதுங்களா? நான் அக்கட்டப் போயி நிக்கட்டுங்களா? செரி, இங்கயே நிக்கறேன்.

எடுத்துட்டாளா? எப்படி இருக்கா? கொரலு நல்லா இருக்குதுங்களா?

ம். ஆமா, டாய்லெட்டச் சொல்லுங்க. ஹீட்டரையும். ஏனுங்க, தேங்காயெல்லாம் எதுக்குங்க சொல்றீங்க? செரி, சொல்லிட்டீங்க, உடுங்க. 'நீ வந்தாத்தான் எனக்கு ஊடு ஊடாட்ட இருக்கும்'னு நான் சொன்னேன்னா சொல்றீங்க? நான் எங்கங்க அப்படி... செரி. செரி.

என்னங்க, ஏன் நிறுத்திட்டீங்க? என்ன கேக்கறா?

அப்பா சொன்னாங்களா, நீங்களாச் சொல்றீங்களான்னு கேக்கறாளா?

நாந்தான் சொன்னேன்னு சொல்லுங்க. ஆமாங்க. நாந்தான் சொன்னேன். அப்படியே நான் சொன்னதுதான்னு சொல்லுங்க. சத்தமாச் சொல்லுங்க அம்மிணி, அவளுக்குக் கேக்கோணும்.

என்னாச்சு? லைன் போச்சா?

வெச்சுட்டாளா?

என்ன சொன்னா? பரவாயில்ல, சொல்லுங்க. எனக்குப் பூசி மொழுக வேண்டாம், உள்ளதச் சொல்லுங்க.

'எங்கப்பா அப்படிப் பேசமாட்டாங்க'ன்னு சொன்னாளா?

ம்.

அவ சொல்றது நெஜந்தானுங்க. நான் அப்படிப் பேசமாட்டேன்.

பார்சல் வந்துருச்சாட்ட இருக்குது, பஸ்ஸு ஹாரன் கேக்குது. ரபீக்கு வாங்கிட்டு வந்துருவான். நீங்க உக்காருங்க. வண்டி பொழுதுக்குள்ள ஆயிரும், பயப்படாதீங்க. மலையேறறப்ப ஒரு சத்தம் வராது.

அம்மிணி.

இன்னொருக்கா அந்த நம்பரப் போடுங்க. எடுத்தா, இந்த வாட்டி எங்கிட்டக் குடுங்க, நானே பேசறேன்.

பக்கத்துலயே நில்லுங்க. என்ன சொல்லோணும்னு மட்டும் எனக்குச் சொல்லிக் குடுங்க.